சாம்பல் மையைத் தெரிவு செய்வது: கறுப்பு வெள்ளைப் படம் அச்சிடுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

திருகோணமலை நகரில், வீட்டோடு ஒட்டிய சின்ன அறை ஒன்றில் கறுப்பு வெள்ளைப் படங்கள் அச்சிட்டுக் கொடுக்கிறேன். என்னிடம் வருபவை பெரும்பாலும் முகங்கள். அந்தியேட்டிக்கு முதல் பெரிதாக்கிச் சட்டம் போட வேண்டிய ஐயாவின் படம், பழைய லேமினேட் அடையாள அட்டையிலிருந்து எடுக்க வேண்டிய அம்மம்மாவின் முகம், 2004 சுனாமியில் உப்புத்தண்ணீர் ஊறி அல்பத்தோடு ஒட்டிப்போன கல்யாணப் படம். இவற்றில் பலருக்கு வேறு படமே கிடையாது. ஆகவே எந்தச் சாம்பல் மை என்பது எனக்குச் சின்ன விஷயமல்ல. ஸ்ரூடியோ வைத்திருக்கும் தம்பிமாரும், வீட்டில் சொந்தமாக அச்சிட்டுப் பார்ப்பவர்களும் என்னிடம் கேட்டவற்றை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

பிரின்டரில்தான் கறுப்பு மை இருக்கிறதே, அண்ணா. சாம்பல் மை தனியாக எதற்கு?

இங்க்ஜெட் பிரின்டருக்குக் கறுப்பை மெல்லியதாகப் பூசத் தெரியாது. துளி விழும் அல்லது விழாது. துளியின் அளவைக் கொஞ்சம் கூட்டிக் குறைக்கலாம், அவ்வளவுதான். கறுப்பு மை மட்டும் இருந்தால், வெளிறிய இடத்தைக் காட்டுவதற்குப் புள்ளிகளைத் தள்ளித் தள்ளி வைப்பது ஒன்றே வழி. நெற்றியில் மூன்று குறி விபூதி பூசிய ஒரு பெரியவரின் படத்தை அப்படி அச்சிட்டுக் கிட்டத்தில் பிடித்துப் பாருங்கள். விபூதிக் குறிகளுக்கு இடையில் தோல் தெரிய வேண்டிய இடத்தில் மிளகுத்தூள் சிந்தியது போலிருக்கும்.

அதே இடத்தில் வெளிர்ச் சாம்பல் மை இருந்தால் புள்ளிகள் நெருக்கமாக விழும். ஒவ்வொரு புள்ளியும் வெளிறியது என்பதால் கண்ணுக்குத் தனியாகப் பிடிபடாது. தோல் தோலாகவும் விபூதி விபூதியாகவும் நிற்கும்.

இன்னொரு காரணமும் உண்டு, எனக்கு அதுவே பெரியது. சாம்பல் மை இல்லாத பிரின்டர், நீலம், மஜெந்தா, மஞ்சள் மூன்றையும் கலந்துதான் சாம்பலை உண்டாக்கும். அந்தக் கலவை எப்போதும் ஒரு பக்கம் சரியத் தயாராகவே இருக்கும்.

பெட்டியில் ‘லைட் பிளாக்’, ‘லைட் லைட் பிளாக்’ என்று போட்டிருக்கிறது. இதுவும் சாம்பலும் ஒன்றா?

ஒன்றுதான். எப்சன் தன் பழைய வரிசைகளில் அப்படிப் பெயர் வைத்தது. 2020-இல் வந்த எஸ்சி-பி700, பி900 ஆகியவற்றில் அதையே ‘கிரே’, ‘லைட் கிரே’ என்று எழுதுகிறது. கெனன் புரோ-1000-இல் இருப்பவை ‘கிரே’யும் ‘போட்டோ கிரே’யும், இரண்டில் வெளிறியது போட்டோ கிரே. பெயரை வைத்து மாற்றி ஊற்றிவிட வேண்டாம். ஒரு மாடலின் லைட் பிளாக்கும் இன்னொரு மாடலின் கிரேயும் ஒரே அடர்த்தியில் இருக்க வேண்டும் என்று விதி இல்லை.

ஸ்ரூடியோவில் பார்க்கும்போது நல்ல சாம்பலாக இருந்த படம் வீட்டுக்குக் கொண்டுபோனதும் பச்சையாகத் தெரிகிறது. ஏன்?

இது எனக்கே நடந்தது. தொழில் தொடங்கிய காலத்தில், திருக்கடலூர்ப் பக்கம் ஒரு வீட்டுக்கு, காலமான ஐயா ஒருவரின் படத்தை ஏ3 அளவில் அச்சிட்டுக் கொடுத்தேன். சாம்பல் மை இல்லாத ஆறு நிறப் பிரின்டர். இரவில் என் அறை எல்ஈடி வெளிச்சத்தில் பார்த்தபோது குறை எதுவும் தெரியவில்லை. அடுத்த நாள் காலை அவர்கள் வீட்டு விறாந்தையில், கடல் பக்கத்து வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தால் ஐயாவின் கன்னமும் வேட்டியின் மடிப்பும் பாசி பிடித்தது போல் இளம்பச்சை. அவருடைய மகள் ஒன்றும் சொல்லவில்லை, படத்தைக் கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்தா. சொல்லியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு உறைத்திருக்காது.

காரணம் இதுதான். நிற மைகள் ஒவ்வொன்றும் ஒளியின் சில பகுதிகளை உறிஞ்சும், சிலவற்றை விட்டுவிடும். மூன்றையும் கலந்து ஒரு வெளிச்சத்தில் சாம்பலாக்கிவிடலாம். வெளிச்சம் மாறினால் அந்தச் சமநிலை குலையும். வானத்து வெளிச்சத்தில் நீலம் கூட, குண்டு பல்பில் சிவப்புக் கூட, மலிவான எல்ஈடி சில நிறங்களை அரைகுறையாகத்தான் தரும். ஆங்கிலத்தில் இதை மெட்டமெரிசம் என்கிறார்கள். எப்சன் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஸ்டைலஸ் போட்டோ 2000பி என்ற பிக்மெண்ட் (கரையாத நிறத்துகள் கொண்ட மை) பிரின்டர் இதற்குப் பெயர்போனது: வீட்டு பல்பில் சரியாக இருக்கும் படம் பகல் வெளிச்சத்தில் பச்சையடிக்கும். 2005-இல் அந்த நிறுவனம் கறுப்போடு இரண்டு சாம்பல்களைச் சேர்த்து ‘கே3’ மை வரிசையைக் கொண்டுவந்த பிறகு அந்தத் தொல்லை பெருமளவு அடங்கியது.

சாம்பல் மையின் முக்கியச் சரக்கு கார்பன், அதாவது புகைக்கரி. கரி எல்லா நிற ஒளியையும் ஏறக்குறைய சமமாக உறிஞ்சும். ஆகவே படத்தில் கரியின் பங்கு கூடக்கூட, நிற மைகளின் பங்கு குறையக்குறைய, எந்த வெளிச்சத்திலும் படம் ஒரே முகத்தோடு இருக்கும். மையைத் தெரிவு செய்யும்போது நான் கேட்கும் முதல் கேள்வி இதனால்தான்: இந்தப் படம் எந்த வெளிச்சத்தில் தொங்கப் போகிறது? நம்மூர் வீடுகளில் பகலில் சன்னல் வழியே கடல் வெளிச்சம், இரவில் ரியூப் லைட் அல்லது எல்ஈடி, சாமிப் படத்துக்குப் பக்கத்தில் என்றால் குத்துவிளக்கும் சேரும். மூன்றிலும் அது சாம்பலாக நிற்க வேண்டும்.

எத்தனை சாம்பல் மை இருந்தால் போதும்?

ஒன்று இருந்தாலே வித்தியாசம் தெரியும். இரண்டு இருந்தால் பெரும்பாலான வேலைக்குக் காணும்.

கெனன் புரோ-300-இல் ஒரு சாம்பல். புரோ-1000-இலும் எப்சன் பி700, பி900-இலும் இரண்டு. கெனன் புரோ-200 டை (கரைந்த சாயம்) மைப் பிரின்டர், அதிலும் இரண்டு சாம்பல் உண்டு. இங்க் டாங்க் வகையில் எப்சன் எல் 8160, எல் 8180 ஆகியவற்றில் ஒரு சாம்பல் போத்தல் இருக்கிறது. செலவை யோசிப்பவர்களுக்கு இது நல்ல நடுவழி. கெனன் பழைய புரோ-1-இல் இரண்டு கறுப்பும் மூன்று சாம்பலுமாக ஐந்து வைத்திருந்தது. வெளிநாடுகளில் கறுப்பு வெள்ளைக்கென்றே ஏழு அடர்த்திகளில் மை நிரப்புகிறவர்களும் உண்டு.

என் அனுபவத்தில், ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போவது முகங்களில் பளிச்சென்று தெரிகிறது. இரண்டிலிருந்து மேலே போவது ஏ2-க்கு மேற்பட்ட படங்களை மூக்கு முட்டப் பார்ப்பவர்களுக்குத்தான் தெரியும்.

என்னிடம் எல் 805 இருக்கிறது. வெளிர் நீலமும் வெளிர் மஜெந்தாவும் இருக்கும் இடத்தில் சாம்பல் ஊற்றலாமா?

ஊற்றிவிட்டு வழக்கம்போல் பிரின்ட் கொடுத்தால் குழம்பிப் போகும். டாங்கில் என்ன இருக்கிறது என்று டிரைவருக்கு, அதாவது பிரின்டரை இயக்கும் மென்பொருளுக்கு, தெரியாது. வெளிர் நீலம் என்று நினைத்துத்தான் அது துளிகளை விடும்.

இதை முறையாகச் செய்ய ஒவ்வொரு மைக்கும் எவ்வளவு என்று நாமே சொல்லக்கூடிய மென்பொருள் வேண்டும். ரோய் ஹரிங்டன் என்பவர் எழுதிய குவாட்டோன்ரிப் இதற்குப் பெயர்பெற்றது. உங்கள் மாடலை அது ஏற்குமா என்று பார்த்துவிட்டு மையில் கைவையுங்கள். அந்தப் பிரின்டரை அதன் பிறகு கறுப்பு வெள்ளைக்கே ஒதுக்கிவிட வேண்டும். திங்கட்கிழமை பாஸ்போர்ட் போட்டோ, செவ்வாய்க்கிழமை சாம்பல் படம் என்று மாற்றி மாற்றிக் கழுவினால் மையும் போகும், மை விடும் ஹெட்டும் போகும். ஒரே ஒரு பிரின்டரை வைத்துப் பிழைக்கும் ஸ்ரூடியோ என்றால், செய்ய வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

கறுப்பு மையில் தண்ணீர் கலந்தால் சாம்பல் வந்துவிடாதா?

வராது. மையில் கிளிசரின் போன்ற ஈரம் காக்கும் பொருட்களும், துளி சரியாக உருள்வதற்கான பொருட்களும் அளவாகச் சேர்ந்திருக்கின்றன. தண்ணீர் விட்டால் அந்த அளவு கெடும். நொசிலில் (மை வெளிவரும் நுண்துளையில்) காயும், கடதாசியில் பரவும். ஐதாக்குவதற்கென்றே கரியில்லாத தெளிந்த அடித்திரவம் விற்கிறார்கள். அதைத்தான் பாவிக்க வேண்டும். கலப்பவர்கள் ஒவ்வொரு மையையும் முந்தியதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அடர்த்திக்கு இறக்கிப் பார்த்துத் தொடங்கலாம். பாதி பாதியாக இறக்கினால் இரண்டு மைகள் கிட்டக்கிட்ட நின்று ஒன்று வீணாகும்.

டையா, பிக்மெண்டா?

சுவரில் வருடக்கணக்கில் தொங்க வேண்டிய படத்துக்குப் பிக்மெண்ட். இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

டை மை கடதாசிக்குள் கரைந்து ஊறும். பளபளப்பான கடதாசியில் கறுப்பு மிக ஆழமாக, அழகாக விழும். ஆனால் காற்றிலுள்ள ஓசோனும் ஒளியும் அதை அரிக்கும். ஈரப்பதம் கூடிய இடத்தில் நிறங்கள் மெல்லப் பரவவும் பார்க்கும். கதவும் சன்னலும் எந்நேரமும் திறந்திருக்கும் கடற்கரை வீட்டில் இரண்டும் நடக்கும். அதோடு டைச் சாம்பல் பொதுவாகப் பல சாயங்களின் கலவை. ஒரு சாயம் முந்தி வெளிறினால் சாம்பல் மற்றப் பக்கம் சரிந்துவிடும். பிக்மெண்ட் சாம்பலில் இருப்பது கரித்துகள். கரி இலேசில் வெளிறாது.

அல்பத்துக்குள் மூடி வைக்கும் படம், கையேடு, கண்காட்சியில் ஒரு கிழமை வைக்கும் படம் என்றால் டை தாராளமாகப் போதும்.

வெதுவெதுப்பான சாம்பல், நடுச் சாம்பல், குளிர்ந்த சாம்பல்: எதை எடுப்பது?

வெதுவெதுப்பு என்றால் இலேசாகப் பழுப்புப் பக்கம் சாய்ந்த சாம்பல், குளிர்ச்சி என்றால் நீலப் பக்கம் சாய்ந்தது. முதலில் ஒன்றைச் சொல்ல வேண்டும். தூய கரி மை நடுச் சாம்பல் அல்ல. ஐதாக்கினால் தேயிலைச் சாயம் போல் இலேசான பழுப்புத் தெரியும். ‘நியூட்ரல்’ என்று விற்கும் மைகளில் அந்தப் பழுப்பை அடக்க நீலச்சாயலுள்ள பிக்மெண்ட்களைக் கொஞ்சம் சேர்த்திருப்பார்கள். காலப்போக்கில் முதலில் வெளிறுவது அந்தச் சேர்மானம்தான், கரி அல்ல. ஆகவே நடுச் சாம்பல் படம் வருடங்கள் போகப்போகக் கொஞ்சம் வெதுவெதுப்பாகலாம். வெதுவெதுப்பான கரிப் படத்தில் மாறுவதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை.

முகங்களுக்கு நான் எடுப்பது இலேசான வெதுவெதுப்பு. மஞ்சளிக்கும் அளவுக்கு அல்ல. நடுச் சாம்பல் படத்தைப் பக்கத்தில் வைத்தால்தான் தெரிய வேண்டும், தனியாகப் பார்த்தால் தெரியக்கூடாது. நம் ஆக்களின் தோலுக்கு அது பொருந்துகிறது. அறுபது, எழுபதுகளில் எடுத்து இப்போதும் வீடுகளில் தொங்கும் பழைய ஸ்ரூடியோப் படங்களின் பக்கத்தில் வைத்தாலும் அந்நியமாக இருக்காது.

கடலும் பாறையும் வேறு. சுவாமி மலையின் செங்குத்துப் பாறையை, கீழே நுரைத்துக்கொண்டிருக்கும் கடலோடு வெதுவெதுப்பில் அச்சிட்டால் தண்ணீர் கலங்கலாகத் தெரிகிறது. அதற்கு நடுச் சாம்பல், அல்லது ஒரு சொட்டுக் குளிர்ச்சி. மாரி காலத்து உட்துறைமுகத்துக்கும் அப்படித்தான்.

செப்பியா (பழைய படம் போன்ற பழுப்பு நிறம்) என்று கேட்டு வருபவர்களுக்கு இதமாக வேண்டாம் என்று சொல்லிப் பார்க்கிறேன். சொல்லைக் கேட்காவிட்டால் அச்சிட்டுக் கொடுக்கிறேன்.

கடதாசி முக்கியமா, மை முக்கியமா?

கடதாசி முதலில். உங்கள் படத்தில் இருக்கும் ஆக வெள்ளையான இடம் கடதாசியின் நிறம்தான், அங்கே மை விழுவதில்லை.

வெண்மை கூட்டும் இரசாயனம் சேர்த்த கடதாசி நீலவெள்ளையாகப் பளிச்சிடும். அதன்மேல் வெதுவெதுப்பான சாம்பலை வைத்தால் ஊத்தை போலிருக்கும். அந்த இரசாயனம் புற ஊதா ஒளியில்தான் பளிச்சிடும், வருடங்கள் போனால் அடங்கிக் கடதாசி மஞ்சளாகத் தெரியும். நெடுங்காலப் படத்துக்கு அது சேர்க்காத பருத்திக் கடதாசி நல்லது. அதன் இயல்பான பால்நிறத்தோடு கரிச் சாம்பல் சேரும்.

இனிக் கறுப்பு. பளபளப்பான கடதாசிக்கு போட்டோ பிளாக், மங்கிய கடதாசிக்கு மேட் பிளாக். மேட் பிளாக்கைப் பளபளப்பான கடதாசியில் அடித்தால் விரலோடு கையில் வரும். அடர்த்தி மானியில் அளந்தால் மங்கிய கடதாசியில் கறுப்பு 1.6, 1.7 அளவில் நிற்கும். நல்ல பளபளப்பு, பரைட்டா (பேரியம் சல்பேட் பூசிய) கடதாசிகளில் 2.2-ஐத் தாண்டும். எண்ணைப் பார்த்துப் பளபளப்புக்கு ஓட வேண்டாம். கண்ணாடிக்குள் போட்டுச் சுவரில் மாட்டிய பிறகு, அறை வெளிச்சம் கண்ணாடியில் பட்டுத் திரும்பும்போது, அந்த வித்தியாசத்தில் பெரும்பகுதி காணாமல் போய்விடும்.

மலிவான மூன்றாம் தரப்புச் சாம்பல் மை வாங்கலாமா?

இரண்டு வகையைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கறுப்பு வெள்ளைக்கென்றே கவனமாகச் செய்யும் மைகள் உண்டு. அமெரிக்காவில் ஜோன் கோன் 2000-ஆம் ஆண்டளவில் தொடங்கிய பியசோகிராஃபி அப்படிப்பட்டது. அவை மலிவும் அல்ல.

மற்றது, போத்தலில் ‘கிரே’ என்று மட்டும் எழுதி வரும் மை. அதில் கரி இருக்கிறதா, சாயக் கலவையா என்று வெளியில் பார்த்துச் சொல்ல முடியாது. நான் ஒருமுறை அப்படி ஒரு போத்தல் வாங்கினேன். வாங்கிய கிழமையில் அச்சிட்டது நன்றாகவே இருந்தது. தெற்குச் சன்னலில் பாதியை அட்டையால் மறைத்து ஒட்டி வைத்தேன். இரண்டு மாதத்தில் மறைக்காத பாதி ஊதாவாகிவிட்டது. புது மை எதுவானாலும் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். செலவு ஒரு துண்டுக் கடதாசி.

ஒரு மை நல்லதா என்று எப்படிச் சோதிப்பது?

வெள்ளையிலிருந்து கறுப்புவரை ஐந்து ஐந்து வீதமாக 21 கட்டங்கள் கொண்ட ஒரு பட்டையை அச்சிடுங்கள். பக்கத்திலேயே ஒரு முகம். நான் வைத்திருப்பது விபூதியும் வெள்ளை வேட்டியும் கறுப்புக் குடையுமாக ஒரு பெரியவரின் படம். வெளிறிய அந்தத்துக்கும் இருண்ட அந்தத்துக்கும் அதற்கு மேல் தேவையில்லை.

உடனே முடிவெடுக்க வேண்டாம், 24 மணித்தியாலம் காய விடுங்கள். ஈரத்தில் இருந்த தொனி காய்ந்ததும் மாறும். பிறகு அதே தாளைக் காலையில் சன்னலடியில், மத்தியானம் விறாந்தையில், இரவில் ரியூப் லைட்டின் கீழ், கடைசியாக ஒரு விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். பட்டையின் நடுவில் 40 முதல் 60 வீதம் வரையுள்ள கட்டங்களில் பச்சையோ இளஞ்சிவப்போ எட்டிப் பார்த்தால் அங்கே நிற மை கூடுதலாக வேலை செய்கிறது. 5 வீதக் கட்டம் வெறும் கடதாசியிலிருந்து பிரிந்து தெரிய வேண்டும். 95-உம் 100-உம் ஒட்டிப்போகக் கூடாது.

பளபளப்பான கடதாசி என்றால் தாளைச் சாய்த்தும் பாருங்கள். இருண்ட இடங்களில் செம்பு மினுக்கம் தெரிந்தால் அது பிரான்சிங். கண்ணாடிக்குள் போனால் பெரும்பாலும் மறையும். கண்ணாடி இல்லாமல் கொடுப்பதென்றால் வேறு கடதாசி பாருங்கள்.

டிரைவரில் எதைத் தெரிவு செய்வது?

சாம்பல் மை உள்ள பெரிய எப்சன்களில் ‘அட்வான்ஸ்ட் பிளாக் அண்ட் வைட்’ என்ற முறை இருக்கும். கெனன் புரோக்களில் கறுப்பு வெள்ளைப் படத்துக்கென்று தனியாக ஒரு தெரிவு. இவை கறுப்பையும் சாம்பலையும் முன்னால் விட்டு, தொனிக்கு மட்டும் நிற மையைத் தொடும். சாம்பல் மைப் பிரின்டரை வாங்கிவிட்டுச் சாதாரண நிற முறையிலேயே அடித்துக்கொண்டிருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். காசு கொடுத்து வாங்கிய சாம்பலின் முழுப் பலனும் அப்படிக் கிடைக்காது.

படம் இருட்டாக வருகிறதென்றால் மையைக் குறை சொல்லுமுன் கணினித் திரையின் வெளிச்சத்தைக் குறையுங்கள்.

நம்மூர்க் காலநிலைக்கு என்ன கவனிக்க வேண்டும்?

இரண்டு காலம், இரண்டு தொல்லை. ஆனி, ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது நொசில் காயும். வாடை தொடங்கி மாரி பிடித்தால் கடதாசி ஈரம் குடித்துச் சுருளும், அச்சு காய நாளெடுக்கும்.

கச்சானுக்கு, கிழமையில் இரண்டு தரமாவது ஒரு நொசில் செக், அதாவது நொசில் அடைத்திருக்கிறதா என்று பார்க்கும் சோதனை அச்சு. வெளிர்ச் சாம்பல் அடைத்திருந்தால் படத்தில் சட்டென்று பிடிபடாது, முகம் மட்டும் ஏனோ கரடுமுரடாக இருக்கும். அதனால் நொசில் செக் தாளில் அந்த வெளிறிய கோடுகளைத்தான் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். மாரிக்கு, கடதாசியைப் பெட்டியோடு பொலித்தீன் பையில் சிலிக்கா ஜெல் போட்டுக் கட்டி வையுங்கள், அடிக்கும் தாளை மட்டும் வெளியில் எடுங்கள்.

பிக்மெண்ட் அடியில் படியும். போத்தலைப் புரட்டிப் புரட்டிக் கலக்குங்கள், நுரைக்கக் குலுக்க வேண்டாம். பிரின்டரை அதன் சொந்தப் பொத்தானால் நிறுத்துங்கள். அப்போதுதான் ஹெட் தன் மூடியில் போய் உட்காரும். சுவர்ச் சுவிட்சால் நிறுத்தினாலோ, அடித்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனாலோ ஹெட் திறந்தபடி நின்று காய்ந்துவிடும். சின்ன யூபிஎஸ் ஒன்று ஹெட்டை விட மலிவு.

சட்டம் போடும்போது?

நன்றாகக் காயாத படத்தை அடைத்தால் உள்ளிருந்து வரும் ஆவி கண்ணாடியில் புகையாகப் படியும். ஒரு நாள் போதாது, மாரியில் மூன்று நாளாவது விடுங்கள். கண்ணாடி படத்தைத் தொடாதபடி நடுவில் ஓர் அட்டை விளிம்பு வையுங்கள். தொட்டால் நம்மூர் ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும், பிரிக்கும்போது முகம் கண்ணாடியோடு போகும்.

திருக்கடலூர் ஐயாவின் படம் பிறகு என்னவானது?

இதையும் கேட்கிறார்கள். இரண்டு சாம்பலுள்ள பிக்மெண்ட் பிரின்டர் வாங்கிய பிறகு முதலில் அச்சிட்டது அதைத்தான். பருத்திக் கடதாசி, இலேசான வெதுவெதுப்பு. காசு வாங்காமல் கொண்டுபோய், காலை ஒன்பது மணிக்கு அதே விறாந்தையில் நானே பிடித்துப் பார்த்த பிறகுதான் கொடுத்தேன். பழையது கையில் இருந்தபடியால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவும் முடிந்தது.

படத்தின் பின்பக்கம் மூலையில் மையின் பெயர், கடதாசியின் பெயர், திகதி மூன்றையும் எழுதினேன். இப்போது எல்லாப் படத்துக்கும் அப்படி எழுதுகிறேன், நீங்களும் எழுதுங்கள். மென்மையான பென்சிலால், அழுத்தாமல். பேனாவின் அழுத்தம் முன்பக்கம் தெரியும்.